சீசன்காரர்களின் ஸ்வெட்டர்

மே 17, 1958. சனி.

பஜாரில் பெரிய கடைக்குப் போனோம். என் மனைவி மேரி கண்ணாடி அலமாரியில் இருந்த நீல ஸ்வெட்டரைத் தொட்டாள். "கை வைக்காதீங்கம்மா, அது சீசன்காரங்களுக்கு" என்றார் கடைக்காரர். கோடைக்கு மலையேறி வருகிறவர்களுக்குத்தான் குளிரும், ஊர்க்காரர்களுக்குக் குளிராது போலிருக்கிறது. வருஷம் முழுக்க அவருக்குச் சோறு போடுவது நாங்கள். மே மாதம் மட்டும் கண்ணுக்குத் தெரிய மாட்டோம். மேரி கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

அப்போது ஒரு மெட்ராஸ் தம்பதி அதே ஸ்வெட்டரை எடுத்துப் பார்த்தார்கள். "நல்ல சரக்கு சார். போன வருஷமும் இங்கதான் இருந்துச்சு. பூச்சிக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு" என்றேன், சிரிக்காமல். கீழே போட்டுவிட்டுப் போனார்கள். கடைக்காரர் முகத்தைப் பார்த்ததில் குளிரே விட்டுப்போயிற்று.

வீட்டுக்கு வந்ததும் மேரி, "சீசன் முடிஞ்சா வெலை கொறைப்பான், வாங்கித் தரச் சொல்லலாம்னு இருந்தேங்க. பூச்சி அரிச்சத யாரு போடுவா?" என்றாள். பூச்சியே கிடையாது என்று சத்தியம் செய்தேன். அவள் நம்பவில்லை. அவ்வளவு நன்றாகச் சொல்லியிருக்கிறேன்.