ராமையா அண்ணன் அடித்த ஒரே கோல்

என் அருமை அண்ணே,

உன் பெயரில் காற்பந்துக் கிண்ணப் போட்டி வைக்கப் போகிறார்களாம். நம் தங்கச்சி பேரன் குருண் ஊர்க் காற்பந்துக் குழுவில் இருக்கிறான். "நீங்கதான்லா பேசணும் தாத்தா. ஜப்பான்காரன் காலத்துல பெரிய தாத்தா கோல் அடிச்சாரே, அதச் சொல்லுங்க" என்று வந்து நிற்கிறான். அவனுக்கு அது வீரக் கதை. இத்தனை வருஷமும் நான் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன்.

மரவள்ளிக் கிழங்கைத் தின்று வயிறு ஊதிக் கிடந்தோம். குருண் திடலில் நம் ரப்பர் தோட்டமும் மெர்போக் தோட்டமும் பந்து விளையாட வேண்டும், ஜெயித்தால் ஒரு மூட்டை அரிசி என்று ஜப்பான்காரன் சொல்லி அனுப்பினான். நமக்கு அது போதாதா? கேப்டன் நான். உன்னையும் சேர்த்து மற்றப் பத்துப் பேரையும் நான்தான் பொறுக்கினேன்.

ஆட்டத்துக்கு முன் மெர்போக் கேப்டன் காளிமுத்து என்னை ஓரமாகக் கூப்பிட்டான். நீயும் பக்கத்தில் இருந்தாய். "அண்ணே, ஜெயிக்கிற செட்ட லாரியில ஏத்தி சயாமுக்கு அனுப்புறானாம். ரயில் ரோடு போட நல்ல ஆளாப் பாக்குறான். ரெண்டு பக்கமும் கோல் போட வேணாம்ண்ணே" என்றான். சரி என்று தலையாட்டினேன்.

அவன் நகர்ந்ததும் உன்னிடம் என்ன சொன்னேன்? "போன தீபாவளிப் பந்தயத்துல டவுன் ஆள இறக்கிட்டு, தோட்டத்து ஆளுன்னு சத்தியம் பண்ணுனவன் இவன். நம்மள சும்மா நிக்க வச்சிட்டு அரிசிய அடிச்சிட்டுப் போகப் பாக்குறான்."

"இல்லடா, அவன் சிப்பாயத் திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே பேசுனான்" என்றாய்.

"பயந்தாங்கொள்ளி, உனக்குப் பதிலா வேற ஆள இறக்கவா?" என்று எரிந்து விழுந்தேன். மற்றவர்களிடம் மூச்சுக்கூட விடவில்லை.

உன்னிடம் பந்தைத் தள்ளினேன். மெர்போக் ஆட்கள் ஒருவரும் குறுக்கே வரவில்லை. அவர்களுடைய கோல்கீப்பர் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். நீ திரும்பி என்னைப் பார்த்தாய். "அடி" என்றேன். அடித்தாய்.

ஆட்டம் முடிந்ததும் பத்துப் பேரை லாரியில் ஏற்றினார்கள். என்னை மட்டும் விட்டுவிட்டார்கள். அரிசியை ஊருக்குக் காட்ட ஓர் ஆள் வேண்டுமாம்; பார்த்தால்தானே அடுத்த தோட்டம் விளையாட வரும். வந்தார்கள், அண்ணே. "அரிசி நெசமாவே குடுத்தானா?" என்று என்னிடம் கேட்டுவிட்டுத்தான் வந்தார்கள். பக்கத்தில் சிப்பாய் நின்றான். "குடுத்தான்" என்றேன்.

அம்மா அந்த அரிசியைப் பொங்கினாள். உன் பங்கில் தண்ணீர் ஊற்றி இரண்டு நாள் வைத்திருந்தாள். மூன்றாம் நாள் அதையும் நான்தான் தின்றேன். பசி.

நீ காலராவில் செத்தாய் என்று சயாமிலிருந்து திரும்பிய ஒருவன் சொன்னான். மற்ற ஒன்பது பேரைப் பற்றி அவனுக்கும் தெரியவில்லை. அங்கே என்னைத் திட்டினாயா? காளிமுத்து சொன்னதை அவர்களிடம் சொன்னாயா, இல்லை என்னைக் காப்பாற்ற வாயை மூடிக்கொண்டாயா? நீ மூடிக்கொண்டுதான் இருந்திருப்பாய். அதை நினைத்தால்தான் உன் மேல் ஆத்திரம் வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை விழா. அந்த ஒன்பது வீட்டுப் பேரப்பிள்ளைகளும் முன்வரிசையில் உட்காருவார்களாம். உயிரோடு இருக்கும் ஒரே ஆட்டக்காரர் என்று எனக்கு மாலை போடப் போவதும் அவர்கள்தானாம்.

போடுவதற்கு முன்பே அவர்களிடம் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், அண்ணே.

உன் கூடப்பிறந்தவன்,
சின்னையா