சாவு மேளம் அடித்தவள்

மேட்டுப் பள்ளிக்கூட முகாம்,
ஷிரே ஆற்றங்கரை,
மார்ச் 19.

தியாமிக்கேயின் அப்பாவுக்கு எஸ்னார்ட் எழுதுவது. நானும் பிள்ளைகள் இருவரும் நலம். ஜோகன்னஸ்பர்க்கில் நீங்களும் நலமாக இருக்க வேண்டும்.

நம் ஊரை ஆறு கொண்டுபோனதை வானொலியில் சொன்னார்களாம். கேட்டிருந்தால் பதறியிருப்பீர்கள். ஊரில் ஓர் உயிர்கூடப் போகவில்லை. நம் வீடும் கோழிகளும் செல்போனும்தான் போயின. அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் மேலாற்றுப் பக்கமிருந்து உங்கள் தங்கை ஃபாலெசி போனில் பேசினாள். "அண்ணி, எங்க பாலத்தையே காணோம். சாயங்காலத்துக்குள்ள தண்ணி அங்க வந்துரும். பிள்ளைங்கள தூக்கிட்டு மேட்டுக்குப் போங்க" என்றாள். அதோடு பேச்சு அறுந்துவிட்டது. நம் பக்கமோ ஒரு தூறல்கூட இல்லை. சோளம் வெயிலில் சுருண்டு கிடந்தது.

ஊர்த்தலைவர் சிபோன்டேயிடம் ஓடினேன். "இலவச உரம்னு போன மாசம் சேதி வந்ததும் இதே போன்லதானே? நாள் பூரா வரிசையில நின்னு, வெறுங்கையோட திரும்பி, கால் வீங்குனது யாருக்கு?" என்று கேட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. நானும் அந்த வரிசையில் நின்றவள்தான். வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். சிரித்தார்கள். தோட்டங்களில் இருந்தவர்களை எட்டவே முடியவில்லை.

மணி இரண்டாயிற்று. தலைவர் வீட்டுத் தாழ்வாரத்தில் தொங்கும் சாவு மேளத்தை எடுத்து அடித்தேன்.

அந்தச் சத்தத்துக்கு யார் வராமல் இருப்பார்கள்? மண்வெட்டியோடும் மீன்வலையோடும் ஓடிவந்து, "யாரு செத்தது?" என்று கேட்டார்கள். "இன்னும் யாரும் சாகல. சாகக் கூடாதுன்னுதான் அடிச்சேன்" என்றேன். தலைவர் முகம் கறுத்துவிட்டது. திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ தம் அம்மாவைத் தூக்கிச் சைக்கிளில் உட்காரவைத்தார். "விளையாட்டுக்கு இந்த மேளத்துல கை வைக்கிறவ இல்ல இவ. கிளம்புங்க" என்றார். ஊரே கிளம்பியது.

பொழுது சாயும்போது ஆறு வந்தது. நீங்கள் எழுப்பிய சுவர் கரைந்து உட்கார்ந்ததை மேட்டிலிருந்து பார்த்தேன். "அப்பா வந்து வேற கட்டுவாரு" என்றான் சின்னவன் மாயெசோ.

இப்போது முகாமில் என் பெயர் மேளக்காரி. தண்ணீர்க் குழாயடியில் பெண்கள், "ஏய் மேளக்காரி, இன்னைக்கு யாரைச் சாகடிக்கப் போறே?" என்று வம்புக்கு இழுக்கிறார்கள். நானும் சேர்ந்து சிரிக்கிறேன்.

ஆனால் சாவில்லாமல் அந்த மேளத்தைத் தொட்டால், தொட்டவள் வீட்டிலேயே ஒரு சாவு விழும் என்பார்கள். உங்களுக்கும் தெரியும். அடிக்கும்போது எனக்கு அது நினைவில்தான் இருந்தது. பிள்ளைகளை அடிக்கடி நெற்றியில் கைவைத்துத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன். உங்களைத்தான் தொட்டுப் பார்க்க முடியவில்லை.

நீங்கள் பேசி ஏழு மாதமாகிறது. ஏன் என்று கேட்க மாட்டேன். யாரோடு இருக்கிறீர்கள் என்றும் கேட்க மாட்டேன். இதைக் கொண்டுவரும் பேருந்து ஓட்டுநர் வெள்ளிக்கிழமை திரும்புகிறார். உயிரோடு இருக்கிறேன் என்று ஒரே ஒரு வரி எழுதி அவர் கையில் கொடுங்கள். எங்கே இருந்தாலும் கடவுள் உங்களை நெடுநாள் வைத்திருக்கட்டும்.

உங்கள்
எஸ்னார்ட்