கதாநாயகனின் அக்கா

லட்லோ,
1858 மார்ச் 4

அன்புத் தம்பி ஆம்ப்ரோஸுக்கு,

உன் நாவலின் இந்த மாதப் பகுதி வந்தது. வழக்கம்போல ரொட்டிக்கடையில் கூடி உரக்கப் படித்தார்கள். படுக்கையில் விழுந்த தகப்பனைக் கதாநாயகன் லயனல் கண்விழித்துப் பார்த்துக்கொள்ளும் இடத்தில் அழாதவர் இல்லை.

"பெத்தா இப்படிப் பிள்ளையைப் பெக்கணும். உன் தம்பி தன்னையேதானே எழுதியிருக்காரு?" என்றாள் கடைக்கார மிஸஸ் கிரிம்லி. நான் என்னத்தைச் சொல்ல! அப்பா விழுந்த நாளிலிருந்து நீ லண்டனில் அல்லவா இருக்கிறாய்? அவரைப் புரட்டிப் புரட்டி என் இடுப்பு விட்டுப்போயிற்று. அலுத்துவிட்டதடா.

சேணம் தைக்கும் ஹாப்டே என்னை மணக்கக் கேட்டிருக்கிறார். நாற்பது வயதில் இப்படியொன்று! ஈஸ்டருக்குப் பிறகு அப்பாவை நீ வைத்துக்கொள்வாயா?

உன் அக்கா,
தபித்தா

லண்டன்,
மார்ச் 11

பிரியமுள்ள அக்காவுக்கு,

கேட்டதும் மனம் குளிர்ந்தது. ஆனால் ஈஸ்டருக்கு எப்படி முடியும்? லயனல் ஆளாகிற கட்டம் இது. பதிப்பாளர் கழுத்தில் கத்தி வைக்கிறார். அடுத்த அறையில் அப்பா முனகினால் எனக்கு ஒரு வரி ஓடாது. ஹாப்டே ஒரு வருஷம் பொறுக்கமாட்டாரா?

இன்னொன்று. ஏப்ரல் பகுதியில் லயனலின் அக்கா காய்ச்சலில் இறந்துபோகிறாள். தப்பாக எடுத்துக்கொள்ளாதே. அவள் இருக்கும்வரை அவன் சின்னப் பையனாகவே இருப்பான். எழுதும்போது நானே அழுதேன்.

என்றும் உன்,
ஆம்ப்ரோஸ்

லட்லோ,
ஏப்ரல் 6

தம்பிக்கு,

ஏப்ரல் பகுதியைப் படித்தோம். மிஸஸ் கிரிம்லி என் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். எனக்குக் கண்ணீர் வரவில்லை. காலையில் அப்பாவின் துணிகளைத் துவைத்த கை வலித்தது, அவ்வளவுதான்.

ஒரு வருஷம் பொறுப்பாரா என்று ஹாப்டேயிடம் கேட்டேன். "நான் பொறுத்துக்குவேன் தபித்தா. நீ தாங்குவியா?" என்றார். வீட்டுக்கு வந்து உன் கடிதத்தை மறுபடி படித்தேன்.

அக்கா இருக்கும்வரை தம்பி சின்னப் பையன்தான். அதை மட்டும் சரியாக எழுதிவிட்டாய்.

சனிக்கிழமை எனக்குக் கல்யாணம். அப்பா வியாழக்கிழமை ரயிலில் வருகிறார். ஹாப்டேயின் தம்பி கூடவே வந்து உன் வாசலில் இறக்கிவிடுவார். கஞ்சியை ஆறவைத்துக் கொடு. இடப்பக்கம் படுக்கவைக்காதே, மூச்சுத் திணறும். புது இடம், முதலில் உன்னைக் கண்டபடி திட்டுவார். அது கோபமில்லை, பயம். கையைப் பிடித்துக்கொண்டால் அடங்கிவிடுவார்.

உனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும், ஆம்ப்ரோஸ். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

தபித்தா