பெட்டியில் கட்டிய சேலைத் துண்டு

ஜனவரி 5, திங்கள்

மூடாப்பு. மழை இல்லை. கொடியில் போட்ட போர்வை இன்னும் காயவில்லை.

ஆன்றனி மஸ்கட்டிலிருந்து போன். டிக்கெட் போட்டாச்சு. வரும் 20, செவ்வாய். திருவனந்தபுரத்திலிருந்து டெல்லி, நேராக. அவன் மகள் ஷைனி அங்கே நர்ஸ். பத்து நாள் லீவு எடுத்திருக்கிறாளாம், அம்மச்சிக்கு, எனக்குத்தான், தாஜ்மகால் காட்ட. என் கூட வருவது ரோசம்மா, என் வீட்டுக்காரரின் தங்கை. அவள் மகன் இருப்பது டெல்லியை ஒட்டி, நொய்டாவில். இரண்டு பேரும் விமானம் ஏறியதில்லை.

எல்லாம் நல்ல செய்தி. வைக்கப் போகும்போது ஒன்று சொன்னான்.

"ரெண்டு பேருக்கும் வீல்சேர் சொல்லியிருக்கேம்மா. ஏர்போர்ட்ல ஆள் வந்து தள்ளிட்டுப் போவும்."

"எனக்கு காலு இருக்கு மக்கா."

"காலுக்காக இல்லம்மா. இங்கிலீஸ் படிக்கத் தெரியாம வழி தப்பி நிப்ப. நம்ம ஊரு அம்மமாரு எல்லாம் சேர்லதான் போறாங்க."

எல்லாரும் போகிறார்கள். மேலவீட்டு மேரி போனாள், மூன்று மாதம் அதையே பெருமையாகச் சொன்னாள். நான் முப்பது வருஷம் மீன்கூடையோடு தனியாக பஸ் ஏறி, தக்கலைச் சந்தை, மார்த்தாண்டம் சந்தை என்று போய் வந்தவள். என்னை உட்கார வைத்து ஒருத்தன் தள்ளுவதா. அரை மணி நேரம் வாக்குவாதம். கடைசியில் அவனே ஒரு கணக்குக்கு வந்தான்.

"செரி. நீயே நடந்து போ. பெட்டிய நீயே எடுத்து, வெளிய நிக்க ஷைனி கிட்ட கொண்டு சேரு. ஒரு தப்பு வந்தாலும் திரும்பி வரும்போ வீல்சேர். சம்மதமா?"

சம்மதம்.

ராத்திரிக்கு சாளைக் குழம்பு. புளி தூக்கல்.

ஜனவரி 8, வியாழன்

நல்ல வெயில். ரோ.வும் நானும் நாகர்கோவில். அவள் முட்டத்திலிருந்து வந்தாள், நான் இங்கிருந்து. மணிக்கூண்டுப் பக்கம் சந்தித்தோம். பெட்டி வாங்க.

இரண்டு எடுத்தால் விலை குறைவு என்று கடைக்காரர் சொன்னார். எடுத்தோம். இரண்டும் ஒரே அளவு, ஒரே கறுப்பு, நாலு சக்கரம். அதோடு விட்டாரா. மேஜை நிறைய உருப்படிகளைப் பரப்பினார். நான் பார்த்தவையும் என் முடிவும்:

கழுத்துத் தலையணை. நுங்குக் கோம்பை மாதிரி வளைவு. மூன்று மணி நேரம் உட்கார எதற்கு? வேண்டாம்.

துணி பிரித்து வைக்கும் சின்னப் பைகள், ஆறு. வலை போட்டது. சேலைக்கு ஒன்று, பாவாடைக்கு ஒன்று. யோசனை நல்லது. வீட்டில் ஜவுளிக்கடைப் பைகள் குவிந்து கிடக்கின்றன. வேண்டாம்.

எண்ணெய், ஷாம்பு ஊற்றும் குட்டிக் குப்பிகள். மூடி திருகிப் பார்த்தேன். ஒழுகாது. எடுத்தேன், இரண்டு.

கழுத்தில் தொங்கும் பை, டிக்கெட்டும் ஆதார் அட்டையும் வைக்க. எடுத்தேன். இது இல்லாமல் முடியாது.

பெட்டியைத் தூக்கி எடை பார்க்கும் கொக்கித் தராசு. இதற்குத்தான் சிரிப்பு வந்தது. என் கையே தராசு. கூடையைத் தூக்கினால் கால் கிலோ பிசகாமல் சொல்வேன்.

பூட்டு. நம்பர் பூட்டு வேண்டாம், மறந்து போகும். சாவிப் பூட்டு, ஒரு அட்டையில் இரண்டு. ஒன்று ரோ.வுக்குக் கொடுத்தேன்.

கடைசியாக பெட்டியைச் சுற்றிக் கட்டும் பெல்ட். வானவில் நிறம், நடுவில் கிளிப். ரோ.வுக்கு அதில் கண்.

"இத கெட்டுனா கூட்டத்துல ஒங்க பெட்டி தனியா தெரியும், பாத்துக்கிடுங்க. கறுப்புப் பெட்டி நூறு வரும்" என்றார் கடைக்காரர்.

"மைனி, ஆளுக்கொண்ணு எடுப்பமா?"

"பெட்டிக்கு எதுக்குட்டி அரைஞாண்? நேத்துப் பொறந்ததா?"

கடையில் எல்லாரும் சிரித்தார்கள். ரோ. முகம் சின்னதாகிவிட்டது. வாங்கவில்லை. கடைக்காரர் ஆளுக்கொரு பெயர் அட்டை இலவசமாகக் கொடுத்தார். ரப்பர் கயிற்றில் தொங்கும் காகித அட்டை.

திரும்பும்போது பழம்பொரி. எண்ணெய் பழையது.

ஜனவரி 11, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் பெட்டி அடுக்கினேன். இளைய மருமகள் ஜெஸி பக்கத்தில் நின்று குறை சொல்லிக்கொண்டிருந்தாள்.

உள்ளே போனவை: சேலை 5. கம்பளிச் சட்டை (ஆன்றனியின் பழையது). முந்திரிக்கொத்து. அச்சப்பம், டப்பாவில். நேந்திரங்காய் சிப்ஸ். சூரை மீன் ஊறுகாய், குப்பி வாயை பிளாஸ்டிக் தாளால் மூன்று சுற்று. கருப்பட்டி. நெத்தலிக் கருவாடு, நாலு கவருக்குள்.

வெளியே வந்தது: கொப்பரைத் தேங்காய். விமானத்தில் விடமாட்டார்களாம், தீப்பிடிக்குமாம். தேங்காய்க்கு இப்படி ஒரு பெயர். சமையலுக்கு எடுத்து வைத்தாள் ஜெஸி.

பெயர் அட்டையை ஜெஸி வாங்கினாள், இங்கிலீஷில் எழுத. நான் திரும்ப வாங்கிக்கொண்டேன். பிலோமினா. கீழே ஷைனியின் போன் நம்பர். தமிழில், என் கையால், பட்டையாக.

"டெல்லில இத யாரு படிப்பா மாமி?"

"நான் படிப்பேன். பெட்டி எனக்குத்தான வேணும்?"

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். அடுத்த வீட்டு சுசீலா சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்தாள். கூடவே ஒரு கொக்கித் தராசு, ஜெஸி கேட்டிருக்கிறாள்.

முதலில் நான் தூக்கினேன். பதினாலரைக்கு மேலே, பதினைந்துக்குக் கீழே. தராசில் மாட்டினாள். பதின்மூன்று.

"பாத்தியளா, ஒன்றரைக் கிலோ தப்பு" என்று ஜெஸிக்கு ஒரே சந்தோஷம். "இன்னும் கருவாடு வைக்கலாம்."

தராசுதான் தப்பு என்றேன். தராசை வாங்கிக்கொண்டு போனாள். நான் கருவாடு வைக்க விடவில்லை. பதினைந்துக்கு மேல் போனால் அதிகப் பணம் கேட்பார்களாம்.

ரோ. போன். அவள் பெட்டி பதினோரு கிலோதானாம். பலகாரம் எதுவும் வேண்டாம் என்று மருமகள் சொல்லிவிட்டாளாம். குரல் சுரத்தாக இல்லை. அவள் வீல்சேரில்தான் வருகிறாள். முட்டுவலி, அவளுக்கு அது தேவை.

ஜனவரி 17, சனி

வெயில். அரிசி புடைத்தேன்.

நூறு கறுப்புப் பெட்டி என்று கடைக்காரர் சொன்னது மண்டையில் கிடந்தது. ரோ. பெட்டியும் இதே கறுப்பு. பெல்ட் வாங்கப் போனால் ஜெஸி சிரிப்பாள். இன்று ஒரு யோசனை தோன்றியது.

இளைய மகன் கல்யாணத்துக்கு வீட்டுப் பெண்கள் எல்லாருக்கும் ஒரே மாதிரி சேலை எடுத்தோம். குங்குமச் சிவப்பு, ஓரத்தில் மஞ்சள் பூ. பதினைந்து பேரும் வரிசையாக நின்று போட்டோ. முதல் அலசலில் சாயம் விட்டது. அதற்குப் பிறகு யாரும் கட்டவில்லை. அதில் ஒரு முழம் கிழித்து பெட்டியின் கைப்பிடியில் இரண்டு முடிச்சு. நல்ல அடையாளம். கடையில் கிடைக்காது, காசும் இல்லை. ரோ.விடம் சொல்லவில்லை. சொன்னால் அவளும் கட்டுவாள்.

ஜனவரி 20, செவ்வாய்

டெல்லி. ஷைனியின் வீடு. சாயங்காலம். குளிர். கம்பளிச் சட்டைக்கு மேல் போர்வை. விரல் விறைத்து எழுத்து கோணுகிறது. மறக்கும் முன்னே எழுதிவிட வேண்டும்.

காலையில் வாடகைக் காரில் களியக்காவிளை தாண்டி திருவனந்தபுரம். ஜெஸி வாசல் வரை. உள்ளே போலீஸ்காரர் ஆதார் பார்த்தார். கவுண்டர்ப் பெண் மலையாளத்தில் பேசினாள், அதனால் சிரமமில்லை. பெட்டியைப் பட்டையில் வைத்தேன். எண் எரிந்தது: 14.7. ஜெஸிக்கு அங்கிருந்தே போன் செய்து சொன்னேன். "செரி மாமி, வைங்க" என்றாள்.

பெட்டியில் ஒரு எண் தாள் ஒட்டி, அதே எண்ணை என் டிக்கெட்டிலும் ஒட்டினாள். இறங்கும்போது ஒத்துப் பார்க்கணும் அம்மே என்றாள். துண்டு இருக்கும்போது எண் எதற்கு.

ரோ. எனக்கு முன்பே வந்து, பெட்டியைப் போட்டுவிட்டு, வீல்சேரில் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள். அவளைத் தள்ளியவர் வரிசையே இல்லாமல் கொண்டுபோனார். நான் வரிசையில் நின்று, செருப்பைக் கழற்றவா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்கள். வழி கேட்டது மொத்தம் நாலு பேரிடம். யாரும் கடிக்கவில்லை.

மேலே ஏறும்போது காது அடைத்தது. ஜன்னலில் மேகம், பஞ்சுக் கடை மாதிரி. ரோ. ஜெபமாலை உருட்டினாள். பிறகு என் கையைப் பிடித்தாள். விடச் சொல்லவில்லை.

டெல்லியில் நடை, நடை, நடை. தரையே ஓடுகிறது ஒரு இடத்தில். கூட்டம் போன பக்கம் போனேன். பெட்டி வரும் இடம் கிடைத்தது. கறுப்பு, கறுப்பு, கறுப்பு. அப்புறம் சிவப்புத் துண்டு. நான் கை நீட்டுவதற்குள் கோட்டு போட்ட ஒருத்தர் இந்தியில் என்னவோ சொல்லி, தூக்கிக் கீழே வைத்து, கைப்பிடியையும் இழுத்துக் கொடுத்தார். நானே எடுப்பேன் என்றேன். அவருக்குப் புரியவில்லை. பெயர் அட்டை இல்லை, ரப்பர் மட்டும் தொங்கியது. இலவச அட்டை, கிழிந்திருக்கும் என்று நினைத்தேன். உருட்டிக்கொண்டு நடந்தேன்.

வெளியே ஷைனி. கட்டிப் பிடித்தாள். கையில் போன், போனில் ஆன்றனி முகம்.

"ஜெயிச்சிட்டியேம்மா!"

"பின்ன?"

ரோ.வும் வந்துவிட்டாள், அவள் மகன் வின்சென்ட் கார் கொண்டுவந்திருந்தான். கையைக் காட்டிவிட்டு அந்தப் பக்கம் போனார்கள். எங்கள் டாக்சிக்காரர் பெட்டியை எடுக்க வந்தார். அவரைத் தடுத்து நானே தூக்கினேன்.

தூக்கியதும் கை சொல்லிவிட்டது.

"ஷைனி, இது எனக்க பெட்டி இல்ல."

"சேலைத் துண்டு கெட்டியிருக்கே அம்மச்சி. சும்மா பயப்படாதீங்க."

"பதினோரு கிலோதான் இருக்கு."

பதினோரு கிலோ என்று வாய் சொன்ன பிறகுதான் யாருடையது என்று புரிந்தது. கல்யாணத்துக்கு எடுத்தது பதினைந்து சேலை. அதில் ஒன்று ரோ.வுக்கு.

ஓடினேன் என்றே சொல்ல வேண்டும். கார் கிளம்பிவிட்டது. பின் கண்ணாடியில் ஓங்கித் தட்டினேன். வின்சென்ட் பதறி இறங்கினான்.

"என்ன மாமி?"

"டிக்கியத் தொற மக்கா."

ரோ. ஜன்னல் வழியே தலையை நீட்டினாள். "எனக்க பெட்டிதான் மைனி. நான் துண்டு கெட்டி வச்சிருக்கேன், சிவப்பு. தள்ளுற ஆளுகிட்ட கையக் காட்டிச் சொல்லித்தான எடுத்தேன்."

"நானும் அதேதான் கெட்டியிருக்கேன்."

"எப்போ?"

"சனிக்கிழம."

"நான் வெள்ளிக்கிழமையே கெட்டியாச்சு!"

டிக்கியில் பெட்டி. கைப்பிடியில் துண்டு, அடியில் அட்டை. பிலோமினா. என் கையெழுத்து. டெல்லியில் அதைப் படிக்க ஆள் இருந்தது.

ரோ. சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வர சிரித்தாள். "பெல்ட் வாங்குவோம்னு சொன்னேன்லா? அரைஞாணாம், அரைஞாண்!"

பெட்டியைத் திறந்து முந்திரிக்கொத்தில் பாதியும் அச்சப்பம் டப்பாவும் எடுத்து அவள் மடியில் வைத்தேன். மருமகள் சொன்னால் சொல்லட்டும்.

டாக்சியில் ஷைனி மெதுவாகச் சொன்னாள். "போன் அப்பவே கட்டாயிட்டு அம்மச்சி. அப்பாக்கு ஒண்ணும் தெரியாது. சொல்லாண்டாம்."

கொஞ்ச தூரம் யோசித்தேன். சந்தையில் எடையில் பொய் சொன்னதில்லை. இப்போது எதற்கு. நானே போன் போடச் சொன்னேன். துண்டு, எண் பார்க்காதது, கோட்டுக்காரர், தூக்கியதும் கை எடை சொன்னது, எல்லாம் சொன்னேன். ஒரு தப்பு வந்தது, பேச்சு பேச்சுதான், திரும்பும்போது சேர் சொல்லிவிடு என்றேன்.

அவன் கேட்டது வேறு.

"ரெண்டு பெட்டிக்கும் எத்தன கிலோம்மா வித்தியாசம்?"

"மூணரைக்கு மேல. நாலு வராது."

"செரி. நீ நட."

ஜனவரி 21, புதன்

பனி. எதிர்வீடு தெரியவில்லை. சூரை ஊறுகாய் ஒழுகவில்லை. தாஜ்மகால் வெள்ளிக்கிழமை மூடியிருக்குமாம், சனிக்கிழமை போகிறோம்.

ஷைனியோடு பக்கத்துக் கடைத்தெரு. பெட்டி பெல்ட் ஒன்று வாங்கினேன். பச்சை. வந்ததும் முதல் வேலையாக ரோ.வுக்கு போன்.

"நான் பச்சை எடுத்திருக்கேன். நீ வேற நிறம் எடு, கேட்டியா?"

"ஐயோ மைனி, நேத்தைக்கே வின்சென்ட் வாங்கித் தந்துட்டான்."

"என்ன நிறம்?"

கடை எட்டு மணி வரை திறந்திருக்குமாம். ஷைனி செருப்பு மாட்டுகிறாள்.