உன் வீட்டுக்குத் தெரியாத ரத்தம்

அக்கா,

இன்று காலை ஏ.ஆர்.டி. மையத்தில் நர்ஸ் என் கையில் ஸ்பிரிட் பஞ்சைத் தேய்த்தாள். அந்த வாசனை ஏறியதும், முந்தானையை முகம் மறைய இழுத்துவிட்டபடி பக்கத்து நாற்காலியில் நீ உட்கார்ந்திருப்பதாகவே பட்டது. திரும்பினேன். யாரோ ஒரு பெரியவர் மாத்திரைக்குக் காத்திருந்தார்.

நாம் பழகியதே அந்த மையத்து மாத்திரை வரிசையில்தான். இருவருக்கும் எச்.ஐ.வி.; புருஷன்மார் கொடுத்துவிட்டுப் போனது. எனக்குக் கள்ளக்குறிச்சியில் ஒற்றை அறை, தையல் கடை வேலை, கேட்க ஆளில்லை. உனக்கோ ரிஷிவந்தியத்தில் மாமியார், கொழுந்தன் குடும்பம், வளர்ந்த மகள். ஒருவருக்கும் தெரியாது. தைராய்டு மாத்திரை என்று சொல்லி வைத்திருந்தாய். அதையும் மாட்டுக் கொட்டகையில் போய்த்தான் விழுங்குவாய். "என்னத் தொரத்துறது கெடக்கட்டும்டி. தெரிஞ்சா எம் பொண்ண எவன் கட்டிக்கினு போவான்?" என்பாய்.

ஒரு முறை ஆராய்ச்சிக்கு வந்த டாக்டரம்மா நம்மிடம் ஒரு குழாய் ரத்தம் கூடுதலாகக் கேட்டார். கிருமி உள்ளே இருக்கிறவரை உடம்பின் செல்களை அரித்துக்கொண்டே போகுமாம். அந்த அரிப்பின் அடையாளம் ரத்தத்தில் தெரியுமாம். அது அதிகமாக இருப்பவர்கள் சீக்கிரம் தளர்கிறார்களா என்று பார்க்கத்தான் கேட்டார். முடிவு வந்ததும் நீதான் விடாமல் விசாரித்தாய்.

"உங்களுக்கு ஜாஸ்திதாம்மா. ஆனா இத வெச்சு யார் ஆயுசையும் சொல்லிட முடியாது. மாத்திரைய விடாதீங்க. நல்லா சாப்பிடுங்க, ரெஸ்ட் எடுங்க."

"ரெஸ்ட்டா?" என்று நீ சிரித்த சிரிப்பில் அவர் முகமே மாறிவிட்டது. எனக்குக் கம்மி என்றதும் என் தொடையில் தட்டி, "நீயாச்சும் இருப்படி" என்றாய்.

என்னோடு வந்துவிடச் சொல்லி பஸ் ஸ்டாண்டில் கெஞ்சினேன். ஒருநாள் பையோடு வரவும் வந்தாய். நடுப்பகலில் கதவைத் திறந்துபோட்டு, யாருக்கும் ஒளியாமல் மாத்திரை போட்டுக்கொண்டாய். சாயங்காலமே கொழுந்தன் போன் செய்தான். உன் மகளைப் பெண் பார்க்க வருகிறார்களாம். "கல்யாணம் முடியட்டும், வந்துர்றேன்" என்று ஷேர் ஆட்டோ ஏறினாய்.

கல்யாண வீட்டில் சொந்தக்காரர்கள் நிறைந்ததும் கொட்டகையில்கூட ஆட்கள் படுத்திருந்தார்கள். மாத்திரை நின்றது. தாலி ஏறியதைக் கண்ணால் பார்த்தாய். பிறகு இருமல் வந்தது. வீட்டுக்குச் சொல்லாமல் மையத்துக்கு வந்து, காசநோய் என்று தெரிந்தபோது உன் உடம்பில் தாங்க எதுவும் மிச்சமில்லை. ரத்தம் காட்டியதுதான் நடந்ததா, அந்த வீடுதான் உன்னை முடித்ததா, எனக்குத் தெரியவில்லை.

சாவுக்கு வந்தேன். ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவள் என்று சொல்லிக்கொண்டு ஓரமாக நின்றேன். உன் மகள் என் கையைப் பிடித்தாள். "எங்கம்மாவுக்கு இன்னாங்க ஆச்சு? உங்களுக்குத் தெரியுங்களா?"

"தைராய்டும்மா" என்றேன்.

அவளுக்கும் எச்.ஐ.வி. பரிசோதனை செய்துவிடலாம் என்று நான் சொல்லும்போதெல்லாம் நீ எழுந்து போய்விடுவாய். "இருந்துட்டா நான் இன்னாடி பண்ணுவேன்?" அந்தப் பயத்தையும் எனக்கே விட்டுப் போனாய். சாவு வீட்டில் என் போன் நம்பரை வாங்கிக்கொண்டவள், இப்போது என்னைச் சித்தி என்று கூப்பிடுகிறாள். போனில் அவள் லேசாக இருமினால்கூட எத்தனை நாளாய் என்று துருவித் துருவிக் கேட்பேன்.

போன வாரம், முழுகாமல் இருப்பதாகச் சொன்னாள். கர்ப்பிணிகளுக்கு எல்லாப் பரிசோதனையும் செய்வார்கள், இதையும் செய்வார்கள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இன்று மையத்திலிருந்து வெளியே வந்து நிற்கையில் அவளே கூப்பிட்டாள்.

"சித்தி, ரத்தத்துல ஒரு கோளாறும் இல்லியாமுங்க. எச்.ஐ.வி.கூட பாத்தாங்க, அதுவும் இல்லியாம். நமக்கெல்லாம் எதுக்குங்க சித்தி அதப் பாக்குறாங்க?" சிரித்தாள்.

"எல்லாருக்கும் பாப்பாங்கம்மா" என்றேன். ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. நான் அழுதது அவளுக்குக் கேட்டிருக்காது.

அவளுக்கு இல்லை, அக்கா. இதைச் சொல்லிச் சந்தோஷப்பட இந்த ஊரில் எனக்கு உன்னைத் தவிர ஆள் கிடையாது.