கீரிமலைப் பெட்டியில் இருந்த உம்முடைய அட்டை

நேற்று, மருத்துவமனைக்கு மென்பொருள் எழுதும் பெண்ணொருத்தி என்னைத் தேடி வந்தாள். நோயாளர் அட்டைகளை முன்பு நான்தான் பார்த்தேன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "அன்ரி, ஒரு ஆள் வந்தவுடனை திரையிலை முதல் என்னத்தைக் கேக்க வேணும்?" என்றாள். இலக்கத்தை என்றேன். "சனம் நம்பரை மறந்திடும், அன்ரி" என்று சிரித்தாள். நீர் பேசுவது போலவே இருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நாம் சண்டை பிடித்ததும் இதற்குத்தானே. நான் அட்டைகளை இலக்கப்படி அடுக்கியிருந்தேன். காய்ச்சலோடு வரும் கிழவிகள் இலக்கத் துண்டைத் தொலைத்துவிட்டு முழிப்பார்கள். தாதி உடுப்போடு வாசலில் நின்று நீர் கத்துவீர்: "உம்மடை கொன்வென்ற் பள்ளிக்கூடக் கணக்கை அந்த மனிசியிட்டைக் காட்டாதையும். ஊரைக் கேளும், நித்திரையிலும் சொல்லுவா." டொக்டரும் உம்முடைய பக்கம். அட்டைகள் ஊர்ப் பெயர் எழுதிய பெட்டிகளுக்கு மாறின: உடுப்பிட்டி, அரியாலை, உம்முடைய கீரிமலை. தேடுவது சுலபமாயிற்று. நான் உம்மோடு ஒரு மாதம் கதைக்கவில்லை. உம்முடைய சொந்த அட்டையில் 'பெனிசிலின் ஒவ்வாது' என்று சிவப்பு மையால் நீரே எழுதி வைத்தீர்.

நாம் ஓய்வுபெற்ற பிறகு, போர்க்காலச் செல்லடியில் கீரிமலை வெறுமையாயிற்று. நீரும் இடம்பெயர்ந்து அரியாலையில் ஒரு வீட்டின் பின்னறைக்கு வந்து சேர்ந்தீர். அந்த வீட்டு அம்மா உம்மைத் தங்கை போலப் பார்த்தார். சளிக்காய்ச்சல் முற்றி நினைவிழந்த உம்மை அதே மருத்துவமனைக்குக் கொண்டுபோனவரும் அவர்தான். நம்மை அறிந்தவர் எவரும் அங்கே மிஞ்சியிருக்கவில்லை. எந்த ஊர் என்று கேட்டார்கள். அரியாலை என்றார். அரியாலைப் பெட்டியில் உம்முடைய பெயர் இல்லை. புது அட்டை எழுதிப் பெனிசிலின் ஊசி போட்டார்கள்.

நீர் செத்த செய்தி கேட்டதும் நான் நேரே அட்டை அறைக்குப் போய்க் கீரிமலைப் பெட்டியைத் திறந்தேன். இருந்தது.

செத்தவீட்டில் அந்த அம்மா என் கையைப் பிடித்து அழுதார்: "அகதி எண்டு அவாவை நாங்கள் ஒருநாளும் நினைக்கேல்லை, அக்கா. ஆசுப்பத்திரியிலையும் எங்கடை ஊர் ஆள் எண்டுதான் சொன்னனான்."

"கீரிமலை எண்டு சொல்லியிருந்தால் அவா இப்ப உயிரோடை இருந்திருப்பா" என்றேன்.

அவர் கையை எடுத்துக்கொண்டார். அதன் பிறகு அவர் வெளியில் அதிகம் வருவதில்லை என்று கேள்விப்பட்டேன். நான் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. இன்று கேட்டாலும் அதையே சொல்வேன். நீர் பக்கத்தில் இருந்திருந்தால் என் வாயைப் பொத்தியிருப்பீர். பொத்த ஆளில்லாத வாயோடுதான் இத்தனை காலமும் இருக்கிறேன்.