உங்க அப்பா கையை உடைச்சது நான்தான்

அன்புள்ள பெரியவளுக்கு அம்மா எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்ல, வயிறுதான் எரியுது, நீயாவது வேளாவேளைக்குச் சாப்பிட்டு நல்லா இருக்கியான்னு தெரியணும். எத்தனை தடவை கூப்பிட்டும் நீ போனை எடுக்கல, அதான் எழுதுறேன். உங்க அப்பா சொன்னது பொய்யில்ல, துடுப்பால அடிச்சது நான்தான். ஏன்னு அவர் சொல்லியிருக்க மாட்டார், அதையும் கேட்டுட்டு அப்புறம் என்னைத் திட்டு.

புதுசா தைச்ச படகுப் பாயைக் கட்டிப் பார்க்கலாம்னு அப்பா, நான், என் தம்பி, அதான் உன் நெட்டை மாமா, மூணு பேரும் படகுல போனோம். திரும்பி வர்றப்ப காத்து பேயாட்டம் கிளம்பிடுச்சு. பக்கவாட்டுல அடிக்குது, எதிர்ப்பக்கம் முழுக்கப் பாறை. பாயோட கீழ்க்கட்டை ஒரே வீச்சா வந்து மாமா நெத்தியைப் பிளந்துடுச்சு, ரத்தம் என் கால்வரைக்கும் ஓடுது. உங்க அப்பா என்னடான்னா பாய்க்கயிறை இழுத்து இழுத்து இறுக்குறார், இறுக்கினா காத்து நல்லாத் தள்ளும், தப்பிச்சுடலாம்னு நெனப்பு. பாய் தைக்கிறவளைக் கட்டிக்கிட்டு இத்தனை வருஷம் குப்பை கொட்டின மனுஷன்! காத்து தள்ளியா படகு அப்படிப் போகுது? பாயோட வெளிவளைவை ஒட்டிக் காத்து வேகமா வழுக்கிட்டு ஓடணும், அப்ப அந்தப் பக்கம் அழுத்தம் குறைஞ்சு பாயை இழுக்கும், படகோட அடிப்பலகை தண்ணியைப் பிடிச்சுக்கிட்டுப் பக்கவாட்டுல போகவிடாது, அதனாலதான் படகு முன்னால பாயுது. ரொம்ப இறுக்கினா காத்து வளைவை விட்டுப் பிரிஞ்சு சுழல ஆரம்பிச்சுடும், முன்னால போற இழுப்பு செத்துடும், படகைச் சாய்ச்சுப் பாறைப் பக்கம் தள்ளுறதுதான் மிச்சம். அது தெரியட்டும்னுதானே பாயோட ரெண்டு பக்கமும் கம்பளி நூல் ஒட்டி வைக்கிறேன். உள்பக்க நூல் நேராப் பறக்குது, வெளிப்பக்கத்து நூல் பைத்தியம் பிடிச்ச மாதிரி சுத்துது. விடுங்க, கயிறை விடுங்கன்னு தொண்டை கிழியக் கத்தினேன். வாயை மூடுடின்னு ஒரு கையால என்னை அறைஞ்சார், வாயெல்லாம் ரத்தம். பாறையில அலை வெடிக்கிற சத்தம் காதுக்குப் பக்கத்துல கேட்குது. துடுப்பை எடுத்துக் கயிறு பிடிச்சிருந்த கை மேல ஓங்கிப் போட்டேன். எலும்பு முறிஞ்ச சத்தம் எனக்கே கேட்டுச்சு. கயிறைப் பிடுங்கி அளவாத் தளர்த்தினேன், ரெண்டு நூலும் நேராச்சு, படகு எகிறிக்கிட்டு ஓடுச்சு. பின்பக்கம் பாறையில உரசி ஒரு பலகை பிஞ்சதோட போச்சு.

மாமாவுக்குத் தையல் போட்டிருக்கு, ஆபத்து இல்ல. அப்பா மாமா வீட்டுல போய் உக்காந்துக்கிட்டு என் முகத்துலயே முழிக்க மாட்டேங்கிறார். கட்டின புருஷனை அடிச்சவள்னு தெருவே பேசுது, பேசட்டும், மறுபடி அதே மாதிரி வந்தா மறுபடியும் அடிப்பேன். செத்திருந்தா உங்க அப்பா என் மேல கோவப்பட்டிருக்கவே மாட்டார். இப்ப அடுத்த தெருவுல இருந்துக்கிட்டு போறவர்றவங்ககிட்டயெல்லாம் என்னைக் கரிச்சுக் கொட்டுறார். அந்தக் குரல் காதுல விழுந்தாத்தான் எனக்குத் தூக்கமே வருது.

நீ நல்லா இருக்கணும் கண்ணு, எந்தக் குறையும் வராம இருக்கணும். என்கிட்ட பேசாட்டியும் பரவாயில்ல, அப்பாவை தினம் கூப்பிடு. அவருக்கு இடது கையால சாப்பிட வராது, ஒரு ஸ்பூன் குடுக்கச் சொல்லி மாமாகிட்ட சொல்லு. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா